வைஃபை டூ மொபைல் டேட்டா: மாறும்போது நெட் ஏன் மாட்டிக்குது? போனுக்குள்ள நடப்பது என்ன?

வீட்டு வாசலைத் தாண்டியதும் வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா வந்துவிடுகிறது. திரையில் 5ஜி என்று காட்டுகிறது. ஆனால் யுபிஐ-யில் பணம் அனுப்பினால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. டவர் சரியில்லை என்று திட்டுகிறோம். பல நேரம் டவர் மேல் தப்பே இருக்காது. போனின் கெர்னல் இன்னும் மறக்காத பழைய முகவரிதான் காரணம்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடித்தளம். ஆப் அனுப்பும் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டையும் வைஃபை வழியாக அனுப்புவதா, சிம் வழியாக அனுப்புவதா என்று முடிவு செய்வது அதுதான். ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கெர்னல்.

முகவரி போனால் பாதையும் போகணும்

வைஃபையில் சேர்ந்ததும் போனுக்கு ஒரு ஐபி முகவரி கிடைக்கிறது. கூடவே ரூட்டிங் டேபிளில் சில வரிகள் ஏறும்: பக்கத்தில் இருக்கும் கருவிகளுக்கு நேரடியாகப் போ, மத்ததுக்கெல்லாம் ரூட்டர் வழியா போ. முகவரி நீங்கும்போது இந்த வரிகளும் நீங்க வேண்டும். லினக்ஸ் இதை ஒழுங்காகவே செய்கிறது. ஓர் இணைப்பின் கடைசி ஐபிவி4 முகவரி போய்விட்டால், அதன் வழியாகச் செல்லும் ஐபிவி4 பாதைகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி டேபிளே உண்டு.

சிக்கல் நகல்களில்தான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டேபிளைப் புரட்டினால் நேரம் வீணாகும் என்பதால், நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் தாங்கள் கண்ட பாதையைக் கையிலேயே வைத்திருக்கும். டேபிள் மாறினால் அந்த நகல்களை எல்லாம் தேடிப் பிடித்து அழிப்பது பெரிய வேலை. லினக்ஸ் அப்படிச் செய்வதும் இல்லை.

மாதாந்திர பஸ் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் முடிந்ததும் கண்டக்டர் வீடு வீடாகப் போய் பழைய பாஸை வாங்குவதில்லை. பஸ்ஸில் ஏறும்போது மாதத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். கெர்னலும் ஒரு எண்ணை வைத்திருக்கிறது. பாதைகள் மாறும்போது அந்த எண்ணைக் கூட்டிவிடும். நகலில் பழைய எண் இருந்தால், அடுத்த பாக்கெட் கிளம்பும்போதே அது செல்லாது என்று தெரிந்து, புதுப் பாதை தேடப்படும். எளிமையான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

முன்பு ஐபிவி4-க்கு ஒரு பொதுவான பெரிய நகல் கிடங்கே இருந்தது. தாக்குபவர்கள் போலி முகவரிகளால் அதை நிரப்பி கணினியைத் திணறடிக்க முடிந்தது. 2012-ல் லினக்ஸ் 3.6-ல் டேவிட் மில்லர் அதை அடியோடு நீக்கினார்.

அப்போ வட்டம் ஏன் சுத்துது?

பாதையை மாற்றிக்கொள்ளலாம், டிசிபி இணைப்பு தன் முகவரியை மாற்றிக்கொள்ள முடியாது. வைஃபை முகவரியோடு தொடங்கிய இணைப்புக்கு, அந்த முகவரி போன பிறகு பதில் வந்து சேர வழியில்லை. ஆனால் "இணைப்பு செத்துவிட்டது" என்று யாரும் வந்து சொல்வதில்லை. லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். கைவிட கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆகும்! ஆப் தானாக நேரக்கெடு வைத்திருந்தால்தான் உண்டு.

இதற்காகத்தான் கூகுளின் லொரென்சோ கொலிட்டி ஒரு வசதியை எழுதினார். 2016 மார்ச்சில் லினக்ஸ் 4.5-ல் அது சேர்ந்தது. முகவரி போனதும் அதில் தொங்கும் இணைப்புகளை வெளியிலிருந்தே உடைக்கலாம். ஆப்புக்கு உடனே பிழை தெரியும், புது இணைப்பு போடும். கொடூரமாகத் தோன்றினாலும் இதுதான் நல்லது. 2021-ல் தரநிலையான க்விக் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே: இணைப்புக்குத் தனி அடையாள எண் இருப்பதால், முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர முடியும்.

ஒன்று கவனிங்க: இணைப்பு உடைந்தால் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம், பணம் போயிருக்கலாம். பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்க்காமல் இன்னொரு முறை அனுப்பாதீர்கள்.

கரண்ட் போய் வந்தா வேற கதை

ஐபிவி6-ல் முகவரியின் முன்பகுதியை ரூட்டர் அறிவிக்கிறது, ஆயுளோடு சேர்த்து. தரநிலை சொல்லும் இயல்பான ஆயுள்: 7 நாள் விருப்ப முகவரியாக, 30 நாள் செல்லும் முகவரியாக. இணைய ரூட்டர் ஒரு பெட்டி, வைஃபை இன்னொரு பெட்டி என்று இருக்கும் வீட்டில் ரூட்டர் மட்டும் அணைந்து எழுந்தால், இணைய நிறுவனம் புது முன்பகுதி தரலாம். ரூட்டருக்குப் பழையது நினைவிருக்காது. அதனால் அதை ரத்து செய்தும் சொல்லாது. வைஃபை அறுபடாததால் போன் பழையதை நம்பிக்கொண்டே இருக்கும். 2021 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8978 ஆவணம் இந்தக் கோளாறைத்தான் விவரிக்கிறது.

இந்த நிலையில் ரூட்டரை மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்வதில் பயனில்லை. போனில் வைஃபையை அணைத்துப் போட்டாலே போதும். அந்த இணைப்பின் முகவரிகளும் பாதைகளும் அழிந்து புதிதாக வரும். மொபைல் டேட்டாவிலும் இதே தொல்லை என்றால் ஏரோப்ளேன் மோடை போட்டு எடுங்கள். அது மொபைல் டேட்டா இணைப்பைத் துடைத்துவிடும்.