திப்பு அரியணையின் ஹுமா பறவை

மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தானின் அரியணை விதானத்தில், உச்சியில் அமர்ந்திருந்த பொற்பறவை இது. மாணிக்கம், மரகதம், வைரம், முத்து பதித்தது. உயரம் ஏறத்தாழ 42 செ.மீ. 1787க்கும் 1793க்கும் இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. இப்போது பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் உள்ளது.

ஹுமா பாரசீகக் கதைமரபில் வரும் பறவை. அது ஒருபோதும் தரையில் இறங்காது. அதன் நிழல் எவர் தலையில் விழுகிறதோ அவர் அரசராவார் என்பது நம்பிக்கை. பாரசீக, முகலாய மன்னர்கள் தலைப்பாகையில் செருகிய இறகணிக்கும் இந்த நம்பிக்கையோடு உறவுண்டு. திப்புவின் பொற்கொல்லர்கள் ஹுமாவைச் சிறகு விரித்த நிலையில், மயில் தோகை போன்ற வாலோடு வடித்தார்கள். அதன் அழகு கற்களின் விலையில் இல்லை, அந்தப் பறக்கும் நிலையில் இருக்கிறது.

அரியணை எண்கோண வடிவம். மரத்தின்மேல் பொற்தகடு போர்த்தியது. சுற்றுக் கிராதியில் சிறு புலித்தலைகள், முன்னே பெரிய புலித்தலை ஒன்று. ஆங்கிலேயரை வெல்லும்வரை அதில் அமர்வதில்லை என்று திப்பு சபதம் செய்திருந்ததாகக் கூறுவர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரிலேயே மடிந்தார். கொள்ளைப் பொருளைப் படையினருக்குப் பங்கிடும் பொறுப்பிலிருந்த அதிகாரிகள் அரியணையைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். முழு அரியணையையும் இங்கிலாந்துக்கு அனுப்ப எண்ணியிருந்த தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்கே இது வருத்தம் தந்தது. இந்தியக் கலைக்கு நேர்ந்த ஈடுசெய்ய முடியாத இழப்புகளில் ஒன்று அது. விதானத்துப் பறவை முழுதாகத் தப்பி, கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பறவையின் நிழலில் வாழ்ந்திருக்க வேண்டிய திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்துப் பெண்களும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். திப்புவின் தந்தை ஹைதர் அலி 1767இல் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிய அதே பாலாற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய பேரப்பிள்ளைகள் அரசியல் கைதிகளாக வாழ்ந்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலும் ஹைதர் மகாலும் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன.

1806இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை கட்டாயமாக்கப்பட்டது. அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று இருந்தது. அதோடு நெற்றியில் சமயக்குறி இடவும் காதில் கடுக்கன் அணியவும் தடை வந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேரக் கொதித்தார்கள். ஒருவன் தலைமேல் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வி, அரியணைக்கு மட்டுமல்ல, சிப்பாய்க்கும் உயிர்க் கேள்விதான். ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையைக் கைப்பற்றி, திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். அவருடைய மகன் ஃபத்தே ஹைதரைத் தலைவராக ஏற்க முன்வந்தார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியது. தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அரியணையின் மற்ற துண்டுகள் பல கைகளுக்குப் போயின. பெரிய புலித்தலை 1831இல் நான்காம் வில்லியம் மன்னரிடம் சேர்ந்தது. சிறு புலித்தலைகளில் ஒன்று வேல்ஸின் பவிஸ் கோட்டையில் இருக்கிறது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பம் கொண்டுசென்றது அது. இன்னொன்று 15 லட்சம் பவுண்டு மதிப்பிடப்பட்டு, 2021இல் பிரிட்டனைவிட்டு வெளியே போகாதபடி அந்நாட்டு அரசால் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது.