பேச்சுமொழிச் சிகிச்சையும் பாடசாலைச் சிறாரின் மொழி வளர்ச்சியும்

பேசுவதிலோ பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதிலோ பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தொடர்பயிற்சியால் மொழியைக் கைவரச் செய்வது பேச்சுமொழிச் சிகிச்சை. இலங்கைத் தமிழ்ச் சிறாரிடம், குறிப்பாகத் திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டை போன்ற ஊர்களின் சிறாரிடம், மொழி வளர்ச்சியை அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இத்துறையின் வேர் செவிப்புலன் குன்றியோர் கல்வியில் இருக்கிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகைமொழியை ஒதுக்கி, வாய்மொழிப் பயிற்சியே போதும் எனத் தீர்மானித்தது. பல தலைமுறைப் பிள்ளைகளை மொழியின்றி நிறுத்திய அந்தத் தவறான தீர்மானத்தை 2010இல் வான்கூவர் மாநாடு நிராகரித்தது. இலங்கையில் மிஷனரி மேரி சப்மன் 1912இல் தொடங்கிய செவிப்புலன் குன்றியோர் பாடசாலை இன்று இரத்மலானையில் இயங்குகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கைதடி நவீல்ட் பாடசாலை இப்பணியைச் செய்துவருகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடம் 1997இல் பேச்சுமொழிச் சிகிச்சையில் டிப்ளோமாவையும், 2008இல் பட்டப்படிப்பையும் தொடங்கியது.

வகைப்பாடு

பாடசாலை வயதுச் சிறாரின் குறைபாடுகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்: ஒலிப்புக் குறை, மொழித் தாமதம், திக்குதல், செவிப்புலன் குறைவால் வரும் பேச்சுக் குறை. ப, ம போன்ற இதழொலிகள் முதலில் வரும். ர, ற போன்றவை பிந்தி வரும். மூன்று வயதுப் பிள்ளை ரொட்டியை ‘லொட்டி’ என்பது இயல்பே. பாடசாலைக் காலத்திலும் அது மாறாதிருந்தால் கவனிக்க வேண்டும். பழத்தைப் ‘பளம்’ என்பது வட்டார வழக்கு. அதைக் குறையாகப் பதிவது பிழை.

வளர்ச்சியை அளத்தல்

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட நூலில், பிள்ளையின் கூற்றிலுள்ள பொருளுடைய உறுப்புகளை எண்ணி அதன் சராசரி நீளத்தைக் கணிக்கும் முறையை விளக்கினார். சொல்லோடு உருபுகளை ஒட்டிப் பேசும் தமிழுக்கு வெறும் சொல்லெண்ணிக்கை உதவாது. ‘வீடு போ’ என்ற பிள்ளை சில மாதங்களில் ‘வீட்டுக்குப் போறன்’ என்கிறது. சொற்கள் அப்போதும் இரண்டுதான். ஆனால் நான்காம் வேற்றுமை உருபு, காலம், தன்மை விகுதி என மூன்று இலக்கணக் கூறுகள் புதிதாகச் சேர்ந்துவிட்டன. ‘போகமாட்டன்’ என்ற ஒரே சொல்லில் வினை, மறுப்பு, பேசுபவர் யார் என்பது மூன்றும் அடங்குகின்றன. எனவே பயிற்சிக் குறிப்பேட்டில் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, தேதியிட்டு எழுதிவைப்பதே சிறந்த முறை. வாப்பா, உம்மா என்று பேசும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொற்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டும்.

இன்றைய நிலை

சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் அரச வைத்தியசாலைகளில் பணிபுரிகின்றனர். தமிழில் பயிற்சி தருவோர் குறைவு. புல்மோட்டையிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்பதால், அன்றாடப் பயிற்சி வீட்டாரையும் ஆசிரியரையும் நம்பியே நடக்க வேண்டும். இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் ‘காலம் வந்தால் கதைக்கும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பிக்க வேண்டும்.