பிரௌசிங் சென்டரிலிருந்து பப்ஜி வரை

தர்மபுரி போன்ற ஊர்களில் கூட்டாகக் கணினி விளையாட்டு ஆட ஒரு காலத்தில் பிரௌசிங் சென்டர்தான் கதி. அடுத்தடுத்த கணினிகளை வயரால் இணைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடினார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. களம் கைபேசிக்கு மாறியது.

2018 மார்ச்சில் உலகெங்கும் வெளியான பப்ஜி மொபைல் அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. அது இலவசம், விலை குறைந்த போனிலும் ஓடியது. 100 பேர் இறங்கும் களத்தில் நால்வர் அணியாகப் பேசிக்கொண்டே ஆடலாம். பெங்களூருக்கு வேலைக்குப் போனவனும் பாலக்கோட்டில் இருக்கும் அவன் நண்பனும் இரவில் ஒரே அணியில் சேர முடிந்ததே அதன் பெரும்பலம்.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. அந்த வெற்றிடத்தில், 2021 ஜனவரி 26 அன்று, பெரும் எதிர்பார்ப்போடு இந்தியத் தயாரிப்பான ‘ஃபௌஜி’ வந்தது. கல்வான் பள்ளத்தாக்குதான் கதைக்களம். ஆனால் தொடக்கத்தில் தனியாக மட்டுமே ஆட முடிந்தது. நண்பர்களுக்கு அதில் இடமில்லை. ஆர்வம் வேகமாக வடிந்தது.

பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2021 ஜூலை 2 அன்று வெளியானது. பழைய கணக்கில் சேர்த்தவற்றை அதற்கு மாற்றிக்கொள்ள வழியிருந்ததால் பழைய அணிகள் திரும்பின. 2022 ஜூலையில் நீக்கப்பட்ட அது, 2023 மே மாதம் சிறுவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு மீண்டும் வந்தது.