பாகான் செராயின் கடல்முகம்

பாகான் செராயின் வரலாற்றை எழுதப் புகும் நாம், தோட்டத்தையும் வயலையும் கூறிவிட்டுக் கடலை மறந்துவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் கரையோரச் சதுப்பு நிலங்களைக் கரும்புத் தோட்டங்களாக்கிய உழைப்பாளருள், ஒப்பந்தக் கூலிகளாய் வந்த தமிழரும் இருந்தனர். அலையாத்திக் காடு அழிந்ததிலும் நம் முன்னோர் கைப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறைத்தல் தகாது.

கோலா குலாவிலிருந்து தெற்கே விரியும் மாத்தாங் காட்டுக்கோ வேறு ஊழ் வாய்த்தது. 1902 முதல் 1906 வரையிலான காலத்தில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. நோக்கம் மீன் அன்று, விறகும் கரியுமே. பாக்காவ் மரத்தை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் வளர்க்கும் முறை அங்கு நிலைபெற்றது. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அக்காட்டின் வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் புகலிடம் பெற்றன. விறகுக்காகக் காத்த காடு கடலையும் காத்தது.

1960களில் இழுவலைப் படகுகள் வந்தன. கடலடி கலங்கியது, குஞ்சுமீனும் தப்பவில்லை. கரையோர மீனவர்க்கும் படகு முதலாளிகட்கும் மோதல் மூண்டபின்னரே, உரிமமும் கரையோர நீரைச் சிறுமீனவர்க்கு ஒதுக்கும் விதியும் பிறந்தன.

மரம் முதிர 30 ஆண்டு பொறுக்கத் தெரிந்த நாம், மீன் முதிரப் பொறுக்கவில்லையெனில், காத்த காடு மட்டும் நின்று பயன் என்ன?