தத்முர்: நிழல் காத்த சாட்சியம்

அழிந்துபோன குடியிருப்பின் தடயங்கள் முன்னே நின்று கண்ணீர் வடிப்பதில் தொடங்குவது ஜாஹிலிய்யாக் கால அரபுக் கவிதையின் மரபு. அத்தடயங்களை ‘அத்லால்’ என்பர். இம்ரவுல் கைஸின் முஅல்லகா அவ்வாறே தொடங்குகிறது. அல்குர்ஆன் இப்பார்வைக்கு வேறொரு திசையைக் காட்டிற்று. பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று காணுமாறு அது பல இடங்களில் பணிக்கிறது (ஆலு இம்ரான் 137, அர்ரூம் 9). கவிஞன் பிரிந்துபோன காதலிக்காக அழுதான். நம்பிக்கையாளனோ படிப்பினைக்காகக் காண்கிறான். ஆனால் காண்பதற்கு அந்த இடிபாடு அங்கே இருக்க வேண்டும்.

தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்து சென்ற நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அழுதவர்களாக அன்றி அவ்விடங்களுக்குள் நுழைய வேண்டாம் என்று தோழர்களை எச்சரித்தார்கள். அங்குள்ள கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். இடித்துத் தள்ளுமாறு கட்டளையிடவில்லை. கஅபாவில் வணங்கப்பட்டுக் கொண்டிருந்த சிலைகள் அகற்றப்பட்டதும், வணங்குவோர் எவருமற்ற கல் வீடுகள் விட்டுவைக்கப்பட்டதும் இருவேறு செயல்கள். இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சிரியாவின் பாலைவன நகரான தத்முர் சான்றாக நிற்கிறது.

மேலை நாட்டார் பல்மைரா என்றழைக்கும் இந்நகர், வணிகக் கூட்டங்களால் செழித்தது. அதன் பெருங்கோயிலான பெல் ஆலயம் கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்டது. அரபு மரபில் ஸப்பாஉ என்னும் பெயருடன் இணைத்துப் பேசப்படும் அரசி ஸெனோபியா, உரோமைப் பேரரசை எதிர்த்து நின்று 272இல் தோற்றாள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் தத்முருக்கு வந்தபோது ஊரார் முதலில் அரண் செய்து எதிர்த்து, பின்னர் அபயம் கேட்டுப் பெற்றனர் என்று பலாதுரி எழுதுகிறார். ஆலயம் அதற்கு முன்பே கிறிஸ்தவத் தேவாலயமாகியிருந்தது. 1132இல் அதன் கருவறை மண்டபம் பள்ளிவாசலாக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அக்கல் மண்டபத்தில் தொழுகை நடந்தது. ஆலயத்தின் மதில்களுக்குள்ளேயே ஓர் ஊர் வாழ்ந்தது.

1839இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஜிரோ த பிராஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் கெய்ரோ, ஜெருசலம், பஅல்பக் ஆகிய இடங்களின் கட்டடங்களை வெள்ளித் தகடுகளில் பதித்தார். தத்முரின் மிகப் பழைய ஒளிப்படங்கள் 1864இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி வீஞ் எடுத்தவை. அவற்றைத் தாளில் அச்சிட்டவர் சார்ல்ஸ் நெக்ரே. அக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாக வாங்கியதால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். நெடுநேரம் ஒளி பட வேண்டியிருந்ததால் நடமாடும் மனிதர் மங்கி மறைவர். அசையாத கல்லும் அதன் நிழலுமே தெளிவாகப் பதிந்தன. தூணின் செதுக்கல், சிதைந்த விளிம்பு, கல்லும் கல்லும் சேரும் இணைப்பு ஆகியவற்றை வண்ணமில்லாத அப்படங்கள் நுணுக்கமாகக் காட்டுகின்றன.

ஒளிப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நடந்த விவாதத்தை நாம் அறிவோம். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, அது புதிதாக உருவம் படைப்பதன்று, நிழலைத் தடுத்து வைப்பதே என்று வாதிட்டு அதனை அனுமதித்தார். மறுத்தவர்களும் உண்டு. எனினும் உயிரற்றவற்றின் உருவத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே அனுமதித்திருப்பதால், கல்லின் படம் குறித்துத் தயக்கத்துக்கு இடமில்லை. ‘நிழலைத் தடுத்து வைத்தல்’ என்ற சொல் தத்முரின் படங்களுக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

அப்படங்கள் இரண்டு அழிவுகளுக்குச் சாட்சி கூறுகின்றன. முதல் அழிவு சத்தமின்றி நடந்தது. பிரெஞ்சு ஆட்சியில், 1929க்கும் 1932க்கும் இடையே, ஆலய வளாகத்திலிருந்த மண் வீடுகள் அகற்றப்பட்டு, மக்கள் வடக்கே புதிய ஊருக்கு அனுப்பப்பட்டனர். பள்ளிவாசலும் இல்லாமலாயிற்று. தொல்லியலாளர் வேண்டியது உரோமைக் கால ஆலயத்தை மட்டுமே; அதில் படிந்திருந்த முஸ்லிம்களின் எட்டு நூற்றாண்டு வாழ்க்கை அவர்களுக்கு இடையூறாகத் தெரிந்தது. தூண்களினூடே மண் சுவர்கள் தெரியும் பழைய படங்களே இன்று அவ்வாழ்க்கைக்கு மிச்சமான சான்று.

இரண்டாம் அழிவு உலகறிந்தது. 2015 ஆகஸ்டில், நகரைக் கைப்பற்றியிருந்த ஐ.எஸ். அமைப்பினர் பஅல்ஷமீன் ஆலயத்தையும், பின்னர் பெல் ஆலயத்தையும் வெடிவைத்துத் தகர்த்தனர். கருவறையின் வாயில் மட்டும் நின்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன், 1963 முதல் 2003 வரை தத்முர் தொல்லியல் துறைக்குப் பொறுப்பாக இருந்த காலித் அல்அஸ்அத் கொல்லப்பட்டார். எண்பது வயதைக் கடந்த அம்முதியவர், மறைத்து வைக்கப்பட்ட தொல்பொருள்கள் எங்கே என்று சொல்ல மறுத்தார் எனச் செய்திகள் கூறின. இணைவைப்பின் சின்னம் என்று சொல்லித் தகர்க்கப்பட்டது, தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் ஸஜ்தா செய்த மண்டபம். ஸஹாபாக்கள் காலத்திலிருந்து நின்ற ஒன்றை இடிப்பதற்கு ஈமான் காரணமாகச் சொல்லப்பட்டது என்பதே நம்மைத் தலைகுனியச் செய்கிறது.

ஒரு தரப்பார் நம் வரலாற்றை அழுக்கெனத் துடைத்தனர். மறு தரப்பார் நம் பெயராலேயே பிறர் வரலாற்றைத் தகர்த்தனர். ஒரு கல்லில் பல காலங்கள் சேர்ந்து வாழலாம் என்பதை இரு தரப்பாரும் ஏற்கவில்லை. பிறர் நம் பள்ளிகளின் பழமையை மறுக்கும்போது வருந்தும் நாம், பிறரின் பழமைக்கும் சாட்சியாக நிற்கக் கடமைப்பட்டவர்கள். நீதிக்குச் சாட்சிகளாக இருங்கள் என்ற இறைக்கட்டளையில் இதுவும் அடங்கும் என்றே கருதுகிறேன்.

மீண்டும் கட்டப்படும் சுவரில் பழைய கற்கள் இடம்பெறலாம். ஆனால் 1864ஆம் ஆண்டின் வெயிலில் அவை வீழ்த்திய நிழல் அப்படங்களில் மட்டுமே உள்ளது. அறிவுடையோர்க்கு அதிலும் படிப்பினை உண்டு.