கோணமலையும் மண்டல்புரோட்டும்: யார் கண்டுபிடித்தது?

கோட்டை வாசலால் உள்ளிட்டு, மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற எவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அடுத்த வருடம் கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அதே கிளார்க் 1990இல் டைட்டானிக்கைத் தூக்குவது பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்குள் ஒரு சமன்பாடு வருகிறது, பின்னிணைப்பாக அதற்கு விளக்கமும் வருகிறது. 1995இல் அதே சமன்பாட்டைப் பற்றிய ஆவணப்படத்திலும் அவரே பேசினார். கணிதத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவின கலைப்பீடக் கூட்டம் நாங்கள். ஊர்க்கதையின் ஆள் எண்டுதான் படத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

கணக்கு இவ்வளவுதான். ஒரு எண்ணை எடுங்கோ. பூச்சியத்தில் தொடங்கி, கையிலிருப்பதை வர்க்கித்து அந்த எண்ணைக் கூட்டுங்கோ. வந்த விடையைத் திரும்பவும் வர்க்கித்து, திரும்பவும் கூட்டுங்கோ. 1ஐ எடுத்தால் 0, 1, 2, 5, 26, 677 எண்டு ஓடிவிடும். -1ஐ எடுத்தால் 0, -1, 0, -1 எண்டு அங்கேயே ஊஞ்சலாடும். சிக்கலெண்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படிச் செய்து, ஓடாமல் நிற்பவற்றுக்குக் கறுப்பு அடித்தால் வருவதுதான் மண்டல்புரோட் தொடை.

அதன் ஓரம்தான் விசேஷம். எவ்வளவு பெருப்பித்தாலும் புதுக் குடாவும் புதுத் தீவும் வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு இது ஒண்டும் புதினமில்லை. கொட்டியாரக் குடாவுக்குள் துறைமுகம், துறைமுகத்துக்குள் சீனக்குடா, அதற்குள்ளும் சின்னச் சின்ன வளைவுகள். அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கரையின் நீளம் கூடும். பிரித்தானியக் கரையை வைத்து 1967இல் மண்டல்புரோட் எழுதியதும் இதைத்தான். எங்கட கரை மணலோடு முடிந்துவிடும், அந்த ஓரத்துக்கு முடிவில்லை.

இனித்தான் எங்களுக்குப் பிடித்த பகுதி. இந்தக் கணிதத்தின் அடிப்படையைப் போட்டவர்கள் முதலாம் உலகப் போர்க்காலப் பிரெஞ்சுக்காரர் இருவர். போர்முனையில் மூக்கை இழந்த கஸ்தோன் ஜூலியா ஒருவர், பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த பியேர் பத்து மற்றவர். யார் முதலில் எண்டு 1917இல் இழுபறி. நான்தான் முந்தியவன் எண்டு காட்ட, அகாடமியில் தான் ஒப்படைத்திருந்த மூடிய கடித உறைகளைத் திறக்கச் சொன்னார் ஜூலியா. 1918இல் பரிசும் அவருக்கே போனது, பத்து போட்டியிடவே இல்லை. கணினி இல்லாத காலம், இருவரும் படத்தைக் காணாமலேயே எழுதினார்கள். 1978இல் புரூக்ஸ், மற்றெல்ஸ்கி எண்ட இருவர் அந்தத் தொடையைக் கரடுமுரடாகக் கணினியில் அச்சடித்தார்கள். 1980இல் ஐபிஎம் கணினியில் மண்டல்புரோட் அதைத் துல்லியமாகப் பார்த்தார். பெயர் அவருக்குப் போனது.

இதைப் படித்தபோது எங்களுக்குக் கோணமலை ஞாபகம் வந்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகும் சனம் மலைக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பூசகர் பாறை விளிம்பில் நின்று கடலுக்குப் பூப்போட்டதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே என்ன கிடக்கிறது எண்டு தெரியாமலா போட்டார்கள்? ஆனாலும் சுற்றுலாக் கதைகளில் கோயிலைக் 'கண்டுபிடித்தவர்' கிளார்க்.

எங்களுக்குள் இதில் சண்டை. கிளார்க்கும் வில்சனும் இறங்கியிராவிட்டால் அந்தத் தூண்களை வெளியுலகம் பார்த்திராது எண்டு ஒருத்தி. படம் இல்லாவிட்டால் ஜூலியாவையும் பத்துவையும் கணிதக்காரர் தவிர யார் தேடியிருப்பார் எண்டும் அவளே கேட்டாள். அது சரிதான். ஆனால் 'முதலில் காட்டியவர்' எண்டு ஒரு சொல் இருக்கும்போது 'கண்டுபிடித்தவர்' ஏன்? எங்கட பக்கத்தில் இனி முதற் சொல்லைத்தான் எழுதப் போகிறோம்.

சண்டை முடிய, போனில் -2ஐப் போட்டுப் பார்த்தோம். 0, -2, 2, 2, 2... தொடையின் விளிம்பிலேயே நிற்கிறது. -2.1ஐப் போட்டோம். நாலாவது சுற்றிலேயே 8ஐத் தாண்டி ஓடிவிட்டது.