கோவில்குடிச் சாமி சிலைகள்

மதுரைக்குக் கிழக்கேயுள்ள கோவில்குடிக் கோயிலிலிருந்து 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அள்ளிச் சென்ற உலோகத் திருமேனிகள். அதே ஆண்டு மே மாத இறுதியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் இவற்றை மீட்டனர்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்காகத் தென்சீமையை அடக்க கர்னல் ஹெரான் 500 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும் வந்தார். மதுரைக் கோட்டையை விட்டு ஓடிய அதன் ஆளுநர் மயானா கோவில்குடிக் கோயிலில் ஒளிந்தார். கதவருகே வைக்கோலை அடுக்கி, முதல் தீப்பந்தத்தை ஹெரானே ஏந்திச் சென்றார். இரண்டாவதைச் சிப்பாய்த் தலைவர் யூசுப்கான். கோயிலுக்குள் புகுந்து, உள்ளிருந்த சிலைகளை ஊராரிடமே 5,000 ரூபாய்க்கு விற்கப் பார்த்தார்கள். பணம் வரவில்லை. சிலைகள் படையின் சாமான்களோடு திருநெல்வேலிச் சீமைவரை அலைந்தன.

எந்தக் கோயில் என்பதில்தான் வழக்கு. படையெடுப்பை எழுதிய ராபர்ட் ஓர்ம் 'கோவில்குடி, மதுரைக்குக் கிழக்கே எட்டு மைல்' என்கிறார். அது திருமோகூர்க் காளமேகப் பெருமாள் கோயிலே என்பர் பலர். திருமோகூர் வடகிழக்கில் இருப்பதால் திசை சற்று விலகுகிறது, தொலைவு பொருந்துகிறது. திருமோகூர்ப் பக்கமே வலுவாகப் படுகிறது.

ஓர்மின் எழுத்தில் இவை சிறு பித்தளைப் பொம்மைகள். கணவாயில் கள்ளர்கள் எழுப்பிய குரலையும் அவரே பதிந்திருக்கிறார்: 'சாமி, சாமி'. பறிபோனது என்ன என்பதற்கு அந்தக் குரலைவிட நல்ல சாட்சி இல்லை. படை திரும்பும் வழியில் வண்டியொன்று சேற்றில் புதைய, முன்படை நிற்காமல் போய்விட, நடுவில் விழுந்த இடைவெளியில் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு காட்டிலிருந்து பாய்ந்தனர். சாமான் வண்டிகளிலிருந்து சாமிகளை எடுத்துக்கொண்டனர். படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும்கூட அன்று வெட்டுப்பட்டனர். கம்பெனியார் எழுத்தில் இது படுகொலை. கள்ளர் நாட்டு வழக்கில் சாமியை மீட்ட சண்டை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது வரலாறாகாது.

ஹெரான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நவாபின் அண்ணன் மாபூஸ்கானுக்குக் குறைந்த குத்தகைக்கு விட்டதும் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. அவர் படைநீதிமன்றத்தில் குற்றவாளியாகி வேலையிழந்தார். இரண்டாம் பந்தத்தை ஏந்திய யூசுப்கான் பின்னர் மதுரையை ஆண்டபோது மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியம் தந்தார். 1764இல் அவரையும் கம்பெனியாரும் நவாபும் தூக்கிலிட்டனர்.